கேமரா வாங்குவதற்கு முன்

(நம் அறக்கட்டளையின் ஞாயிறு புகைப்பட வகுப்பு இரண்டாம் அணியின் தொடக்க நாளில், மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த அவையில் வகுப்பு ஆசிரியர்கள் இருவரும் ஆற்றிய உரை. வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)





நாங்கள் இந்த நாகூரில் சிறிய ஸ்டூடியோ நடத்தி வருபவர்கள். கல்யாண வீட்டில் ஆண்கள் பக்கம் ஒருவர், பெண்கள் பக்கம் ஒருவர் என்று கணவனும் மனைவியுமாகத் தொழில் பார்க்கிறோம். எல்லாரையும் மேடையில் நிறுத்திப் படம் எடுத்துப் பழக்கமே தவிர, நாங்கள் மேடையில் நின்று பேசிப் பழக்கமில்லை. சொல்ல வந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

கடந்த ஒரு மாதத்தில் நான்கு பிள்ளைகளின் பெற்றோர் ஆளுக்கொரு துண்டுச் சீட்டோடு எங்கள் கடைக்கு வந்தார்கள். கேமரா கடையில் எழுதிக் கொடுத்த விலைப்பட்டியல் அது. கேமரா பாடி, இரண்டு லென்ஸ், ஃபில்டர், ஃப்ளாஷ், ஸ்டாண்டு, பை, மெமரி கார்டு என்று வரிசையாக எழுதி, அடியில் கூட்டுத்தொகை. “பையன் விஸ்காம் சேர்ந்திருக்கிறான். இதெல்லாம் இல்லாமல் வகுப்பில் உட்கார முடியாது என்கிறான். இதில் எதைக் குறைக்கலாம், சொல்லுங்கள்” என்று ஓர் உம்மா கேட்டார். கேட்கும்போதே அவர் கை கழுத்துச் சங்கிலியில் இருந்தது. இதே தேவைக்காக அறக்கட்டளைக்கும் மனுக்கள் வந்திருப்பதாகச் செயலாளர் சொன்னார்.

எங்கள் பதில்: முதல் ஆறு மாதத்துக்கு அந்தச் சீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் குறைக்கலாம்.

பிள்ளைகள் முகம் வாடுவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். இதைக் கேமரா வேண்டாம் என்று சொல்லும் பெரியவர்கள் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே கேமராவால்தான். அதனால்தான் எதை எப்போது வாங்குவது என்று சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

14 வருடங்களுக்கு முன்னால் நாங்களும் அப்படி ஒரு சீட்டோடு நின்றவர்கள்தான். இரண்டு வளையல்களை அடகு வைத்தோம். கடையில், “செட்டாக எடுத்தால் உங்களுக்கு லாபம்” என்றார்கள். 18-55 லென்ஸ் ஒன்று, 55-250 லென்ஸ் ஒன்று, தோல் பை ஒன்று. அந்தப் பெரிய லென்ஸை வைத்து முதல் வருடம் முழுக்க நாங்கள் எடுத்தது சில்லடிக் கடற்கரைக் காக்கைகளையும் தூரத்துப் படகுகளையும்தான். காக்கை யாரும் காசு கொடுக்கவில்லை. வட்டி மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது.

முதல் கல்யாணம் தெரிந்த வீட்டுக் கல்யாணம். மஹ்ரிபுக்குப் பிறகு நிக்காஹ். வீட்டுக் கூடத்தில் இரண்டு டியூப்லைட். மணப்பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளை ஒப்படைக்கும் நேரம் வந்தது. அது ஒரு நிமிடம்கூட நீடிக்காது. திரும்பச் செய்யச் சொல்லவும் முடியாது. முதலில் ஃப்ளாஷ் அடித்தோம். முகங்கள் வெள்ளைத்தாளாகவும் பின்சுவர் கறுப்பாகவும் வந்தன. பெரியவர் ஒருவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்ததும் ஃப்ளாஷை நிறுத்தினோம். நிறுத்தியதும் படமெல்லாம் ஆடிப்போனது. எங்கே நிற்பது என்று தெரியாமல், டியூப்லைட்டுக்கு எதிரே முகத்தைக் காட்டிக்கொண்டு, வாசலை ஒட்டி நின்று, லென்ஸை முழுக்க இழுத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஆல்பம் கொடுத்தோம். பெரிதாகக் குறை சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்து அந்த வாப்பா மௌத்தாகிவிட்டார். வீட்டார் வந்து, “அவர் படம் எடுத்துக்கொள்வதே இல்லை. அன்றைக்கு எடுத்ததில் தெளிவாக ஒன்று இருந்தால் போதும். பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்” என்றார்கள். நாங்கள் இருவரும் அன்று இரவு உட்கார்ந்து தேடினோம். மொத்தம் 340 படங்கள். அவர் இருந்தது 11 படங்களில். ஆறில் உருவம் ஆடியிருந்தது. மூன்றில் பாதி முகம் வெட்டுப்பட்டிருந்தது. ஒன்றில் டியூப்லைட் அவர் தலையிலிருந்து முளைத்தது போல நின்றது. மிச்சமிருந்த ஒன்றில் கூட்டத்துக்குப் பின்னால், கட்டைவிரல் நகம் அளவுக்கு முகம் தெரிந்தது. அதைத்தான் வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்தோம். பாஸ்போர்ட் அளவுக்கு மேல் அது தாங்கவில்லை.

அந்தக் கேமராவில் 18 மெகாபிக்சல் இருந்தது. நல்ல கேமராதான். அன்று இல்லாதது என்ன என்பது பின்னால்தான் புரிந்தது. 18-55 லென்ஸை 55-க்கு இழுத்தால் அதன் திறப்பு எஃப்/5.6 வரைக்கும்தான் திறக்கும். இழுக்காமல் 18-இல் வைத்தால் எஃப்/3.5 வரை திறக்கும். இரண்டுக்கும் நடுவே வெளிச்சத்தில் இரண்டரை மடங்கு வித்தியாசம். நாலு எட்டு முன்னால் போய், டியூப்லைட் எங்கள் முதுகுப்பக்கம் வரும்படி இடம் மாறி, லென்ஸை இழுக்காமல் எடுத்திருந்தால் அந்த முகம் கிடைத்திருக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டிய எதுவும் அதில் இல்லை. இன்றைக்கும் அந்த வீட்டுப் பக்கம் போனால் எங்கள் பார்வை அந்தக் கூடத்து டியூப்லைட்டுக்குத்தான் போகும்.

ஆகவே பிள்ளைகளே, இந்த வகுப்பில் முதல் மூன்று வாரமும் வெளிச்சம் பற்றித்தான். வீட்டில் யாராவது ஒரு செல்பேசி வைத்திருப்பார்கள். அது போதும்.

முதல் அணியில் ஒரு வேலை செய்தோம். இந்தக் கூடத்தின் ஜன்னல்களைக் கறுப்புத்தாளால் முழுக்க மூடினோம். தாளில் பட்டாணி அளவுக்கு ஒரே ஒரு துளை. உள்ளே இருட்டு கண்ணுக்குப் பழகியதும், எதிர்ச்சுவரில் தெரு தலைகீழாகத் தெரிந்தது. ஆட்டோ தலைகீழாக ஓடியது. பின்னால் சைக்கிளில் ஒருவர் தலைகீழாகப் போனார். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைத்தம் இதே விஷயத்தை ஆராய்ந்தவர். விளக்குகளை வரிசையாக வைத்து, துளை வழியே இருட்டறைச் சுவரில் விழும் ஒளிப்புள்ளிகளைப் பார்த்தார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைகிறது. ஒளி நேர்கோட்டில்தான் போகிறது என்று கண்டார். ‘கிதாபுல் மனாளிர்’ என்ற அவருடைய நூல் லத்தீனுக்குப் போய், ஐரோப்பாவில் பல நூற்றாண்டு படிக்கப்பட்டது. ‘கேமரா’ என்ற லத்தீன் சொல்லுக்கு ‘அறை’ என்றுதான் பொருள். நீங்கள் கையில் பிடிப்பது சின்ன இருட்டறை. அதற்குள் எந்த வெளிச்சத்தை விடுகிறீர்கள் என்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

இனி வீட்டில் செய்து பார்க்க வேண்டியவை. காலையில் உம்மாவையோ தம்பியையோ ஜன்னல் ஓரமாக உட்கார வையுங்கள். முதலில் ஜன்னலைப் பார்த்தபடி, அடுத்து ஜன்னல் ஒரு பக்கமாக இருக்கும்படி, பிறகு ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி. மூன்று படங்கள். ஒரே முகம் மூன்று ஆளாகத் தெரியும். பக்கவாட்டு வெளிச்சத்தில் மூக்கும் கன்னமும் எழும்பி நிற்கும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கறுத்துவிடும். அப்போது திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்தி, பக்கத்தில் தெரியும் சூரியக் குறியை மேலே தள்ளினால் முகம் தெளியும், ஜன்னல் வெளுக்கும். இரவில் பல்பை வைத்து இதையே செய்யுங்கள். பல்புக்கு 3 அடியில் இருப்பவரை 6 அடிக்கு நகர்த்தினால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகிவிடும். கல்யாண மேடையில் ஒரே விளக்கு வைத்து எடுக்கும்போது முன்வரிசை வெளுத்துப் பின்வரிசை இருட்டடிப்பது இதனால்தான்.

செல்பேசியில் எடுக்கத் தொடங்கும் முன் அதன் லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். சிரிக்காதீர்கள், எங்களிடம் பிரிண்டுக்கு வரும் செல்பேசிப் படங்கள் பலவற்றின் புகைமூட்டத்துக்குக் காரணம் விரல் எண்ணெய்தான். அடுத்து, இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி எடுக்காதீர்கள். தனியாக ஜூம் லென்ஸ் இல்லாத செல்பேசியில் அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதோடு சரி. பக்கத்தில் போக முடிந்தால் காலால் நடந்து போங்கள். ஆனால் முகத்துக்கு மட்டும் இந்த விதியில் ஒரு விலக்கு. செல்பேசியின் லென்ஸ் அகலமாகப் பார்ப்பது. ஒரு முழ தூரத்தில் வைத்து முகத்தை எடுத்தால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் போய்விடும். ஐந்தாறு அடி தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது மேல். 0.5 என்று போட்டிருக்குமே, அதில் குடும்பப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். ஓரத்தில் நிற்கிற மாமிகள் எல்லாரும் அகலமாகிவிடுவார்கள். பிறகு நமக்குத்தான் வம்பு.

அமைப்பு என்று வரும்போது எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு விதியைச் சொல்வார்கள். செல்பேசி அமைப்புகளில் ‘கிரிட்’ என்பதை இயக்கினால் குறுக்கும் நெடுக்குமாக நான்கு கோடுகள் திரையில் வரும். முக்கியமானதை நடுவில் வைக்காமல் அந்தக் கோடுகளின் மேலோ, அவை சந்திக்கும் இடத்திலோ வைக்கச் சொல்வது அந்த விதி. 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் எழுதிவைத்த பெயர். இயற்கைக் காட்சி ஓவியத்துக்காகச் சொன்னது. நல்ல பழக்கம்தான். ஆனால் ஆறு மாதம் அதையே பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். எங்களைக் கேட்டால், அந்தக் கோடுகளால் முதல் பயன் கடலின் அடிவானம் சாயாமல் இருப்பது. நம் ஊர்க் கடற்கரைப் படங்களில் பாதி, கடல் வேளாங்கண்ணிப் பக்கம் வழிந்து ஓடுவது போல இருக்கும்.

அதைவிடப் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. பட்டனை அழுத்தும் முன் ஆளைப் பார்க்காதீர்கள். ஆளுக்குப் பின்னால் இருப்பதையும், நான்கு ஓரங்களையும் பாருங்கள். தலையிலிருந்து மின்கம்பம் முளைக்கிறதா? தோளுக்குப் பின்னால் குப்பைத்தொட்டி தெரிகிறதா? யாருடைய கையோ பாதி உள்ளே வந்திருக்கிறதா? ஒரு எட்டு இடது பக்கம் நகர்ந்தால் இவற்றில் பாதி போய்விடும். முழங்காலிட்டால் இன்னும் பாதி போய்விடும். சின்னக் குழந்தையை நின்றுகொண்டு எடுத்தால் தரையும் உச்சந்தலையும்தான் வரும். அதன் கண்மட்டத்துக்கு உட்காருங்கள்.

தர்காவின் பெரிய மனோராவை எடுத்துப் பழகுங்கள். 131 அடி உயரம். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக் கொடுத்தது. பக்கத்தில் நின்று அண்ணாந்து எடுத்தால், மேலே போகப் போக அது குறுகிப் பின்பக்கம் சாய்வது போல விழும். கேமராவின் குற்றமில்லை, கேமராவை அண்ணாந்து பிடித்த குற்றம். நன்றாகத் தள்ளிப் போய், கேமராவை நேராகப் பிடித்து எடுத்தால் நிமிர்ந்து நிற்கும். ஆனால் அப்போது படத்தின் கீழ்ப்பாதியில் வெறும் தெரு வரும். அதை என்ன செய்வது? அங்கே ஒரு பூக்கடையோ, புறாக்களோ, வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டு நடக்கும் ஒருவரோ வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். முதல் அணியில் ஒரு பையன் முக்கால் மணி நேரம் நின்றான். கடைசியில் பலூன்காரர் ஒருவர் குறுக்கே போனார். அந்தப் படம் இந்தக் கூடத்து வாசலில் மாட்டியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, திரை ஓரம் உடைந்த செல்பேசி.

இப்போது சொல்லப்போவதற்கு இதழாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டோம். நம் இதழின் பழைய பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். அரிசி கொடுக்கும் படம், தையல் இயந்திரம் கொடுக்கும் படம். ஒரு மூட்டையை ஏழு பேர் தொட்டுக்கொண்டு நிற்பார்கள். ஏழு பேரும் கேமராவைப் பார்ப்பார்கள். வாங்குகிற பெண் மட்டும் தரையைப் பார்ப்பார். அந்தப் படங்களில் சிலவற்றை எடுத்தவர்கள் நாங்கள்தான். மற்றவர்கள் மேல் பழி போடவில்லை. அந்தப் பெண்ணின் பிள்ளைகள் நம் ஊர்ப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். இதழ் அவர்கள் வகுப்புத் தோழர்கள் வீட்டுக்கும் போகிறது. எங்களுக்கு இது உறைக்க வெகுகாலம் பிடித்தது.

சென்ற ரமலானில் முதல் அணிப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்து, வாங்குகிறவர் முகம் வரக்கூடாது என்று மட்டும் சொன்னோம். ஒரு பெண் பிள்ளை எடுத்து வந்த படம் இது: தாழ்வாரத்தில் வரிசையாக அரிசிப் பைகள். பக்கத்துச் சுவரிலிருந்து காலை வெயில் சாய்வாக விழுகிறது. கடைசிப் பை மேல் பெயர்ப்பட்டியல் தாள், காற்றில் பறக்காமலிருக்க ஒரு சாவிக்கொத்து. அவ்வளவுதான். அதில் ஒரு முகமும் இல்லை. ஆனால் எத்தனை குடும்பங்களுக்கு அன்று சாப்பாடு போனது என்று எண்ணிவிடலாம். நன்கொடை கொடுத்த ஒருவர் முதலில், “என் படம் எங்கே?” என்றுதான் கேட்டார். அடுத்த மாதம் அவரே, “இப்படியே போடுங்கள்” என்று சொல்லி அனுப்பினார். படத்துக்குள் எதை விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்று நாங்கள் சொல்லிக்கொடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எங்களிடம் இல்லை.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். யாரையும் எடுக்கும் முன் கேளுங்கள். கல்யாண வீட்டுப் பெண்கள் பக்கத்துப் படம் ஒன்றுகூட உங்கள் செல்பேசியிலோ ஸ்டேட்டஸிலோ இருக்கக்கூடாது. எங்கள் கடையில் அந்தக் கார்டுகளைத் தனிப்பெட்டியில் பூட்டி வைக்கிறோம். வெளியாளிடம் எடிட்டிங்குக்குக் கொடுப்பதில்லை. பெண்கள் பக்கம் எடுக்கப் பெண் புகைப்படக்காரர் வேண்டும் என்று கேட்டு, காரைக்காலிலிருந்தும் திருவாரூரிலிருந்தும்கூட எங்களைத் தேடி வருகிறார்கள். எங்களால் போக முடியாத தேதிகள்தான் அதிகம். ஆகவே பெண் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர்கள் இதை யோசித்துப் பாருங்கள்.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று சொல்லப்படும் ஹோமாய் வியாரவாலா 1913-இல் பிறந்தவர். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில் வெளியாயின. பிறகு டெல்லியில் சேலை கட்டிக்கொண்டு, கேமராவைச் சுமந்து, சைக்கிளில் போய்ப் படம் எடுத்தார். காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தை எடுத்தவர்களில் அவரும் ஒருவர். 2011-இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளின் படம் அவரவர் பெயரிலேயே வரும், இன்ஷா அல்லாஹ். அதற்கு இந்த இதழிலேயே இடம் கேட்டிருக்கிறோம்.

சரி, ஆறு மாதம் முடிந்தது. பிள்ளை நிற்கவில்லை, தினமும் எடுக்கிறான். இப்போது என்ன வாங்குவது?

நீங்கள் கேட்கும் முதல் கேள்வி எத்தனை மெகாபிக்சல் என்பதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல பிரிண்டுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும். 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200 பெருக்கல் 1800, அதாவது 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். 12-க்கு 18 அங்குல ஆல்பம் பக்கத்துக்கே 19.5-க்குள் முடிந்துவிடுகிறது. 24 மெகாபிக்சல் உள்ள தொடக்கநிலைக் கேமராக்கள் பழைய சந்தையில் நிறையவே கிடைக்கின்றன. அதற்கு மேல் கொடுக்கும் காசு மாணவனுக்குத் தேவையில்லாதது.

பாடியில் மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள். செட்டில் வரும் 18-55 கூடவே, எஃப்/1.8 திறப்புள்ள 50 அல்லது 35 மி.மீ. லென்ஸ் ஒன்று. பெரிய கம்பெனிகளின் லென்ஸ்களில் மிக மலிவானவற்றில் இவையும் சேரும். எஃப்/5.6-ஐ விட எஃப்/1.8 ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அன்று அந்தக் கூடத்தில் 1/15 நொடியில் ஆடிப்போன படம் இதில் 1/125-க்கு மேலேயே வந்திருக்கும். பேசிக்கொண்டிருக்கும் மனிதர் ஆடாமல் வர அது போதும். ஒன்றைக் கவனியுங்கள்: தொடக்கநிலைக் கேமராக்களில் சென்சார் சிறியது. அதில் 50 மி.மீ. லென்ஸ் மாட்டினால் பெரிய சென்சாரில் 75 அல்லது 80 மி.மீ. காட்டுகிற அளவுக்கே காட்சி குறுகும். முகத்துக்கு நல்லது, நம் வீட்டுச் சின்ன அறைகளில் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டி வரும். வீட்டுக்குள் எடுக்க 35 வசதி. ஆன்ரி கார்தியே-ப்ரெசோன் என்ற பிரெஞ்சுக்காரர் தம் வாழ்நாளில் பெரும்பாலான படங்களை ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸில்தான் எடுத்தார். நம்மிடம் ஜூம் இல்லையே என்று வருந்தும் பிள்ளைக்கு அந்தப் படங்களைக் காட்டுகிறோம்.

பழைய கேமரா வாங்கப் போனால் பகலில் போங்கள். ரசீது இல்லாத பொருளைத் தொடாதீர்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் போலீஸ் நம் வீட்டு வாசலுக்குத்தான் வரும். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். தொடக்கநிலைக் கேமராக்கள் பலவற்றுக்கு ஒரு லட்சம் தடவை அளவுக்குத்தான் கணக்கு. கல்யாணத் தொழிலில் ஓடிய கேமரா அதை இரண்டு வருடத்தில் தாண்டியிருக்கும். திறப்பை எஃப்/16-இல் வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பாருங்கள். சென்சாரில் தூசி இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் அது பூஞ்சை. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

பூஞ்சை என்றதும் எங்கள் பெரிய லென்ஸின் கதையையும் முடித்துவிடுகிறோம். காக்கைகளை எடுத்து ஓய்ந்தபின் அதைத் தோல் பையில் போட்டு அலமாரியில் வைத்தோம். ஒரு மழைக்காலம் முடிந்து எடுத்தபோது உள்ளே வெள்ளையாக இழை ஓடியிருந்தது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நம்முடையதோ கடலோர ஊர். அடகு வட்டி கட்டி முடிக்கும் முன்பே அந்த லென்ஸ் போய்விட்டது. நீங்கள் காற்றுப்புகாத சமையலறைப் பிளாஸ்டிக் டப்பாவில், நிறம் மாறும் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். நிறம் மாறிவிட்டால் காய வைத்து மறுபடி போடுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம், தூசி உள்ளே போகும். கடற்கரையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரம் தொட்ட துணியால் பாடியைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள்; உப்பு தங்கக்கூடாது.

ஸ்டாண்டு, ஃபில்டர், வெளி ஃப்ளாஷ் எல்லாம் பிறகு. வேலை கிடைத்து, அந்த வேலைக்கு இது இல்லாமல் முடியாது என்று ஆன அன்று வாங்கிக்கொள்ளலாம். கார்டு மட்டும் பெரியதாக ஒன்று வாங்காமல் 32 ஜி.பி.யில் இரண்டாக வாங்குங்கள். ஒன்று கெட்டால் ஒன்றாவது நிற்கும்.

கல்லூரியில் கட்டாயம் கேமரா கொண்டுவரச் சொல்கிறார்களே என்றால், அதற்கும் வழி செய்திருக்கிறோம். அறக்கட்டளையில் கேட்டதற்கு, ஆளுக்கொரு கேமராவுக்கு உதவித்தொகை தருவதற்குப் பதிலாக 24 மெகாபிக்சல் கேமரா இரண்டு, 35 மி.மீ. லென்ஸ் ஒன்று, 50 மி.மீ. லென்ஸ் ஒன்று பொதுவில் வாங்கி வைக்க ஒப்புக்கொண்டார்கள். இரண்டுமே பழையவை, நாங்கள் டார்ச் அடித்துப் பார்த்துத்தான் வாங்கினோம். நூலகப் புத்தகம் போல எடுத்துப் போகலாம். பதிவேடு அலுவலக மேசையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு எடுத்தால் திங்கள் மாலை திரும்ப வர வேண்டும். எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் பெற்றோர் கையெழுத்து. டப்பாவோடு போய் டப்பாவோடு வரவேண்டும். கல்லூரி மாணவர்களுக்கு முதல் உரிமை. மற்றவர்கள் எட்டு வார வகுப்பு முடித்திருக்க வேண்டும்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் கூடுகிறோம். நம் கடலில் சூரியன் எழுவது கடல் பக்கம் என்பதால் ஆறிலிருந்து ஏழு வரைதான் நல்ல வெளிச்சம். அதற்குப் பிறகு வந்தால் கண் கூசும். வலை பின்னுகிறவர்களிடம் முன்பே பேசி வைத்திருக்கிறோம். ஆனாலும் ஒவ்வொருவரும் போய், சலாமோ வணக்கமோ சொல்லி, கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பெண் பிள்ளைகளோடு வீட்டுப் பெரியவர் ஒருவர் வரலாம். செல்பேசி, துடைக்கப் பருத்தித் துணி, குடிக்கத் தண்ணீர். அதற்கு முன் இந்த வாரத்து வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ, அவரை ஜன்னல் ஓரம் உட்கார வைத்துப் பத்துப் படங்கள் எடுங்கள். பத்தில் ஒன்றை மட்டும் கொண்டுவாருங்கள். அந்த ஒன்றை எங்கள் கடையில் காசில்லாமல் பிரிண்ட் போட்டுத் தருகிறோம்.

வஸ்ஸலாம்.